கண்ணாடிக்குள் ஓர் ஓடைக்கரை

பலுடேரியம் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஒரே கண்ணாடித் தொட்டியில் கீழே தண்ணீரும் மீனும், மேலே மண்ணும் பாசியும் பெரணியும், இரண்டுக்கும் நடுவில் வழிந்து இறங்கும் ஒரு சின்ன அருவி. அதைத்தான் பலுடேரியம் என்கிறோம். நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். அதனால் எடை, காற்று, ஈரம், மோட்டார் என்றுதான் என் பேச்சு போகும். வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (குன்னூர் வாசகி): எங்களுடையது பழைய பங்களா, பலகைத் தரை. 5 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரத்தில் தொட்டி கட்ட ஆசை. தண்ணீர் 1 அடி ஆழம்தான் வைக்கப்போகிறேன். தரை தாங்குமா ஐயா?

பதில்: முதலில் எடையைக் கணக்குப் போடுவோம் அம்மா. 5 அடிக்கு 2 அடி, ஆழம் 1 அடி என்றால் 10 கன அடி. அது 283 லிட்டர், அதாவது 283 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. உங்கள் அளவில் அடி, முன், பின், இரு பக்கம் எல்லாம் சேர்த்தால் கண்ணாடி மட்டும் 150 கிலோவுக்கு வரும். கல், மண், கட்டை, கீழே நிற்கும் இரும்பு ஸ்டாண்டு ஆகியவற்றைச் சேர்த்தால் 500 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும். இத்தனையும் 10 சதுர அடித் தரைமேல் உட்காரும். சாதாரண வீட்டுத் தரைக்குப் பொறியாளர்கள் எடுக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான்.

அதனால் பலகைத் தரையின் நடுவில் வைக்கவே வேண்டாம். பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். அதிலும் பலகைக்கு அடியில் ஓடும் மரச் சட்டங்களுக்குக் குறுக்காகத் தொட்டியின் நீளம் வரட்டும். அப்போதுதான் பாரம் நாலைந்து சட்டங்களுக்குப் பிரியும். நீளவாட்டில் வைத்தால் ஒன்றிரண்டு சட்டமே அத்தனையும் சுமக்க வேண்டியிருக்கும். சட்டம் உளுத்திருக்கிறதா என்று ஒரு தச்சரையும் கட்டடப் பொறியாளரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிமெண்டுத் தரை உள்ள அறை ஒன்று இருந்தால், அங்கேயே வைப்பது உத்தமம்.

இன்னொரு விஷயம். நிலப் பகுதியைத் தொட்டியின் அடி வரைக்கும் மண் கொட்டி நிரப்பாதீர்கள். எடையும் கூடும், அடிமண் காற்றில்லாமல் அழுகி நாறும். பிவிசி குழாயைக் கால்களாக நறுக்கி, மேலே பிளாஸ்டிக் கிராதியும் வலையும் போட்டு, அதன்மேல் நான்கைந்து அங்குலம் மண் போதும். அடியில் தண்ணீர் தாராளமாக ஓடட்டும். மோட்டாரை எடுக்கக் கை நுழைகிற அளவுக்கு ஒரு வழி விடுங்கள். அழகு பார்த்து அந்த வழியை அடைத்துவிட்டால், மோட்டார் பழுதாகும் நாளில் பாறையையே உடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): கண்ணாடி ஒட்ட எந்த சிலிக்கான்?

பதில்: பூஞ்சை பிடிக்காது என்று போட்டு விற்கும் பாத்ரூம் சிலிக்கான் கூடவே கூடாது. அந்த மருந்து தண்ணீரில் இறங்கி மீனைக் கொல்லும். மீன்தொட்டிக்கு என்றே விற்பதை வாங்குங்கள். குளிரில் சிலிக்கான் காய நாள் பிடிக்கும். ஒரு வாரமாவது, டிசம்பர் ஜனவரியில் அதற்கு மேலும் விட்டு, வினிகர் வாடை முழுக்கப் போன பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி (ஊட்டி வாசகர்): ஃபைட்டர் மீனும் கப்பியும் விடலாமா? ஹீட்டர் கட்டாயமா? ஏற்கெனவே இருக்கும் சின்னத் தொட்டியில் ஹீட்டர் போட்டதிலிருந்து முன் கண்ணாடி எந்நேரமும் பனி மூடிக் கிடக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் சார். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஜனவரி இரவில் புல்லில் உறைபனி விழுகிறது. ஃபைட்டருக்கு 25 டிகிரி வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியை ஆண்டு முழுக்க அந்தச் சூட்டில் வைத்திருப்பதென்றால் மின்கட்டணம் ஒரு பக்கம், மின்சாரம் போன இரவில் மீனின் கதி இன்னொரு பக்கம். நம் மலையில் தொட்டி கட்டுகிறவர்கள் குளிரைத் தாங்கும் உயிர்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சீனாவின் மலை ஓடைகளிலிருந்து வந்த ஒயிட் கிளவுட் என்ற சின்ன மீன் 14 டிகிரியிலிருந்து 22 டிகிரி வரை சுகமாக இருக்கும். கூட்டமாக விட்டால் அருவியின் கீழே எதிர்நீச்சல் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரோஸி பார்ப், ஜீப்ரா டேனியோவும் ஓரளவு குளிர் தாங்கும். ஊட்டியில் தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போகாமல் ஒரு சிறிய ஹீட்டர் காவலுக்கு இருந்தால் போதும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியே தெர்மாகோல் ஒட்டிவிடுங்கள்.

மீன் விடுவதில் அவசரம் வேண்டாம். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். நம் மலைத் தண்ணீரில் உப்புச் சத்து குறைவு, அதனால் இன்னும் தாமதமாகும். சமவெளிக்காரர்கள் சொல்லும் ஒரு மாதக் கணக்கை நம்பாமல், டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை பொறுங்கள்.

இனி கண்ணாடி. உள்ளே சூடான ஈரக்காற்று, வெளியே 10 டிகிரி அறை. நடுவில் உள்ள கண்ணாடியில் ஈரம் படியத்தான் செய்யும். தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும். மீதிக்குக் காற்றோட்டம். தேயிலையை வாட்டும் தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊதி இலையின் ஈரத்தை எடுப்போமே, அதே வேலைதான் இங்கும். முன் கண்ணாடியின் அடியில், நில மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரற்கடை அகலத்துக்கு நீளமாக ஒரு வலைப்பட்டை விடுங்கள். மேல் மூடியில் இன்னொரு வலைப்பட்டை. கீழே நுழையும் காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு மேலே ஏறிப் போகும். போதாவிட்டால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மூடிக்கு அடியில், கண்ணாடியை ஒட்டி வீசும்படி மாட்டி, டைமர் போட்டு அவ்வப்போது ஓடவிடுங்கள். பாசியின்மேல் நேராக வீசினால் அது காய்ந்து பழுத்துவிடும், கவனம். மழைக்காலத்தில் அறைக் காற்றே ஈரமாக இருக்கும்போது எந்த ஃபேனும் முழுப் பலன் தராது. அந்த வாரங்களில் எல்இடி விளக்கின் சூடுதான் கொஞ்சம் உதவும்.

கேள்வி (கூடலூர் வாசகர்): பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் வேர்க்கட்டை முறுக்கு முறுக்காக அழகாக இருக்கிறது. தண்ணீருக்குள் வைக்கலாமா?

பதில்: அதைவிட அழகான கட்டை கடையில் கிடைக்காது. ஆனால் தோட்டத்தில் கொப்புள நோய்க்கு ஆண்டாண்டாகத் தாமிர மருந்து அடித்திருப்பார்கள். தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் சிறிதளவு போனாலும் விஷம். பட்டையை உரித்து, தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நிலப் பகுதியில் மட்டும் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் வைப்பதற்கு மருந்து படாத கட்டைதான் சரி. தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடைத் தண்ணீரும் இதே காரணத்தால் வேண்டாம்.

கேள்வி (கொடைக்கானல் கல்லூரி மாணவர்): சோலைக்காட்டுப் பாசியும் பெரணியும் ஒரு ஜோடி மரத்தவளையும் கொண்டுவந்தால் தொட்டி அச்சு அசலாக நம் மலையாக இருக்குமே?

பதில்: தம்பி, ஆசை புரிகிறது. ஆனாலும் வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து ஒரு பிடி பாசி எடுப்பதும் குற்றம்தான். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது, 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள காடு 2013 முதல் சரணாலயமும்கூட.

சட்டத்தை விடுங்கள், அந்தத் தவளையை நினைத்துப் பாருங்கள். நம் சோலையின் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகச் சின்னஞ்சிறு தவளையே வெளியே வரும். சில இனங்கள் ஒன்றிரண்டு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதைப் பிடித்து அடைப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை தவளை வியாபாரத்தோடு நாடு நாடாகப் பரவி, சில இனங்களையே அழித்திருக்கிறது. ஆகவே தொட்டியில் மாற்றும் தண்ணீரையும் ஓடையில் ஊற்றாதீர்கள். தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள்.

பாசி உங்கள் வீட்டு ஓட்டிலும் மதில் சுவரிலும் இருக்கும். அதைக் கிள்ளி, அலசி, அட்டையும் நத்தையும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பரப்புங்கள். குளிர்ந்த தொட்டியில் நன்றாகவே பிடிக்கும். பெரணி, பிகோனியா, பெப்பரோமியா எல்லாம் நர்சரியில் வாங்கலாம். தண்ணீர் ஓரத்துக்கு அனுபியாஸ், ஜாவா பெரணி. எது எப்படிப் படரும் என்று தெரிய, ஊட்டி தாவரவியல் பூங்காவின் பெரணி இல்லத்தை ஒரு நாள் நின்று பாருங்கள். ஓடைக்கரை எங்கும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் காலா லில்லியை எடுக்கலாமே என்று தோன்றும். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய செடி, உயரமும் அதிகம், தொட்டியில் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

கேள்வி (குன்னூர் வாசகர்): மோட்டார் பெட்டியில் 2 மீட்டர் ஏற்றும் என்று போட்டிருக்கிறது. 3 அடி உயரத்துக்கே அருவி சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஏன்?

பதில்: 2 மீட்டர் என்பது தண்ணீர் நின்றுபோகும் உயரம். அங்கே ஒரு சொட்டும் வெளியே வராது. மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பதோ உயரமே இல்லாத நிலைக்கு. ஏற ஏற அளவு குறைந்துகொண்டே வரும். 3 அடிக்கு ஏற்றுவதென்றால் 3 மீட்டராவது போட்ட மோட்டாரை வாங்குங்கள். குழாயும் ஒடுக்கமாக இல்லாமல், வளைவு குறைவாகப் போகட்டும். மின்சாரம் போனால் மேலே தேங்கியிருப்பது அத்தனையும் கீழே இறங்கும். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு நிற்கும் தண்ணீர் மண்ணின் அடிமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கும்படி அளவுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.