விண்ட்ஸ்கிரீனில் ட்ரில் வைக்கப் பயப்படும் தம்பிக்கு

வணக்கம் தம்பி. சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில் வேலை பழகும்போது, கார் விண்ட்ஸ்கிரீனில் (முன்கண்ணாடியில்) கல் பட்ட இடத்தைச் சரிசெய்ய ட்ரில் வைத்ததும் விரிசல் ஓடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மனசை விடாதீர்கள். ஆனால் ட்ரில்லைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். கல் அடிபட்ட பெரும்பாலான இடங்களுக்குத் துளையே வேண்டாம். அடிபட்ட இடத்தை நிரப்பும் பிசின் உள்ளே இறங்க மறுத்தால் மட்டும் துளை போடுங்கள்.

விண்ட்ஸ்கிரீன் என்பது இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். வெளிக் கண்ணாடியின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். துளை படலத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். 1 மில்லிமீட்டர் கார்பைடு பிட் (கடினமான ட்ரில் முனை) போதும். நேராகப் பிடித்து லேசாகத் தொடுங்கள், எடுங்கள், வெள்ளைத் தூளைத் துடையுங்கள், மறுபடி தொடுங்கள். அழுத்தவே கூடாது. பிட்டின் வேகம்தான் வெட்ட வேண்டும். கை அழுத்தினால் சூடும் ஏறும், விரிசலும் ஓடும்.

நம்மூர் வெயிலும் காரணமாக இருக்கலாம். திறந்தவெளி கார்பார்க்கில் நின்ற வண்டியின் கண்ணாடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். நிழலில் தானாக ஆறட்டும். அவசரப்பட்டு ஏர்கானைத் திருப்பிவிடாதீர்கள். பிசின் புற ஊதா ஒளியில் இறுகுவது, வெயில் பட்டால் உள்ளே இறங்கும் முன்பே இறுகிவிடும், அதனால் அதற்கும் நிழல்தான் நல்லது. மழைக்குப் பிறகு என்றால் அடிபட்ட இடத்தின் ஈரம் முழுக்கக் காய வேண்டும்.

கழற்றிப் போட்ட பழைய விண்ட்ஸ்கிரீன் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பழகுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். அப்புறம், பக்கவாட்டுக் கதவுக் கண்ணாடியில் பழகிப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கிக் கடினப்படுத்தியது), ட்ரில் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகும்.