மீன்முள் வரி இருந்தால் போதுமா?

ஜியாலஜி முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி: "விந்திய மலையின் கைமூர் மணற்பாறைகளைப் பார்க்கக் களப்பயணம் போகிறோம். மணல் வரிகள் எதிரெதிராகச் சாய்ந்து மீன்முள் போலத் தெரிந்தால், அது பழைய கடல் ஓதத்தில் படிந்த மணல் என்று எழுதிவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். மணல்மேடு நீரோட்டத்தில் நகரும்போது அதன் முன்சரிவில் மணல் வழுக்கி விழுந்து, ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்ந்த வரிகள் உண்டாகும். ஓதத்தில் கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் ஒரு பக்கம், இறங்கும் வற்றத்தில் மறுபக்கம். இரண்டும் அடுத்தடுத்து நின்றால் மீன்முள். கணக்கு சரிதான். ஆனால் ஆற்று மணலிலும் தொட்டி போலக் குழிந்த படுகைகள் உண்டு. அவற்றை ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டிய முகத்தில் பார்த்தால் வரிகள் இடமும் வலமுமாகச் சாய்ந்து அச்சு அசல் மீன்முள்ளாகவே தெரியும். மாணவனாக இருந்தபோது நானே இப்படி ஏமாந்து, நோட்டில் "ஓதம்" என்று பெரிதாக எழுதினேன். பாறையைச் சுற்றிப் பக்கவாட்டு முகத்துக்குப் போனால் எல்லா வரியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது! ஆகவே செங்கோணமாக இருக்கும் இரண்டு முகங்களையாவது பாருங்கள், சாய்வுத் திசையை காம்பஸில் அளந்து எழுதுங்கள்.

இன்னொன்று, பல இடங்களில் ஏற்றமோ வற்றமோ ஒன்றுதான் பலமாக இருக்கும். அங்கே மீன்முள்ளே இருக்காது, ஆனாலும் அது ஓத மணல்தான்.

நான் முதலில் தேடுவது களிமண் படலத்தை. ஓட்டம் திரும்புவதற்கு முன் தண்ணீர் சிறிது நேரம் அசையாமல் நிற்கும்; அப்போது கலங்கல் அடங்கி, சாய்ந்த மணல் வரிமேல் மெல்லிய சேறு படியும். பாறையில் அது நகத்தின் கனம்கூட இருக்காது. வெயில் மழையில் சேறு அரித்துப்போய், கத்தியால் கீறியது போன்ற பள்ளக்கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். லென்ஸை வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகள் நெருங்கி ஓடி, நடுவே கொஞ்சம் மணல் சிக்கியிருந்தால் நல்ல அறிகுறி: அந்தக் கொஞ்சம் மணல் பலவீனமான எதிர் ஓட்டம் கொண்டுவந்தது.

அப்புறம் டேப்பை எடுங்கள். படலத்துக்குப் படலம் உள்ள மணலின் கனத்தை வரிசையாக அளந்து வரைபடம் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலம், மணல் தடிமன். அட்டமியை ஒட்டி மெலிவு. கனம் இப்படிப் படிப்படியாக ஏறி இறங்கினால் ஆறு அதைச் செய்திருக்க வழியில்லை. நாளைக்கு இரண்டு ஓதம் என்றால் இன்றைய கணக்கில் அமாவாசை முதல் பௌர்ணமி வரையிலான ஒரு சுற்றுக்கு 28 மணல் அடுக்கு வரை வரும். நெதர்லாந்தின் ஊஸ்டர்ஸ்கெல்டே கழிமுகப் படிவுகளில் இந்தச் சுற்றை ஜியாலஜி ஆய்வாளர் விஸ்ஸர் 1980-இல் விளக்கினார். உங்களுக்கு 28 வராவிட்டால் கவலை வேண்டாம். மெலிந்த ஓதத்தில் மணல் நகராமலே போகலாம். கைமூர் மணல் படிந்த அன்றைய சந்திர மாதத்தின் நீளமும் வேறு.

கைமூரில் நண்டு வளை, புழு வளை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த மணற்பாறையைத் துளைத்து வந்த மஜ்கவான் வைரக் குழாய்க்கே (ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலேறி உறைந்த, வைரம் உள்ள பாறைத் தூண்) வயது சுமார் 107 கோடி ஆண்டு. வளை தோண்டும் பிராணிகள் அப்போது கிடையாது. அதுவும் ஒருவகையில் நல்லதுதான்: படலங்களைக் கிளறிக் கலைக்க யாரும் இல்லை.

காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சாய்வெயிலில்தான் அந்தக் கோடுகள் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் பாறை முழுக்க ஒரே வெளுப்பாகிவிடும்.