அந்த ரெசிடென்சிக்குத் தயங்காமல் விண்ணப்பியுங்கள்

இரண்டு பேர் நடுவிலேயே விலகிவிட்டார்களாம், ஆளைப் பிழிந்தெடுக்கிறார்களாம், அந்த ரெசிடென்சிக்கு (மருத்துவப் பட்டம் முடித்தவர்கள் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அங்கே இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) மூன்றாம் ஆண்டு. விலகியது உண்மை. ஒருவர் மயக்கவியலுக்கு மாறினார். மற்றவர் குடும்பத்தோடு இருக்க வேறு மாநிலம் போனார். இருவரோடும் இன்றும் பேசுகிறேன்.

ஐசியூ மாதம் கடினம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் ஏசிஜிஎம்இ (அமெரிக்காவில் ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விதித்த வாரம் 80 மணி நேர வரம்பை (4 வாரச் சராசரி) நான் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. வேலை செய்த நேரத்தைக் குறைத்து எழுதச் சொன்னவரும் இல்லை. நள்ளிரவு 2 மணிக்குக் கூப்பிட்டாலும் அட்டெண்டிங் (எங்களை மேற்பார்வையிடும் மூத்த மருத்துவர்) எரிந்து விழமாட்டார், எழுந்து வருவார். அதற்காகவே மறுபடியும் இங்கேதான் சேர்வேன்.

நேர்காணலில் இன்டர்ன்களை (முதலாம் ஆண்டு ரெசிடென்ட்களை) தனியாகப் பிடித்து, கடைசியாக முழுநாள் விடுப்பு எப்போது கிடைத்தது என்று கேளுங்கள். அங்கீகார நிலையை ஏசிஜிஎம்இ தளத்திலேயே பார்க்கலாம்.