கேள்வி–பதில்: கிளைபரைக் கேட்பது எப்படி?

கேள்வி (மதுரை வாசகர்): ஜூலை 13 இசை நடத்துநர் கார்லோஸ் கிளைபரின் நினைவு நாள். நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி இரண்டு மணி நேரம் அவருடைய பதிவுகளைக் கேட்க இருக்கிறோம். எதை முதலில் வைக்கலாம்?

பதில்: 2004-ல் மறைந்த கிளைபர் ஸ்டுடியோவில் பதிவு செய்து வெளிவந்தவை மிகக் குறைவு. ஐந்து சிம்பொனி, நான்கு ஆபரா (இசை நாடகம்), பியானோ கலைஞர் ரிக்டர் வாசித்த டிவோர்ஷாக் பியானோ கான்செர்டோ (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), அவ்வளவுதான். சிம்பொனிகள் ஐந்தும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தவை: பீத்தோவன் 5, 7, ஷூபர்ட் 3, 8, பிராம்ஸ் 4.

ஷூபர்ட்டின் எட்டாவதில் ('முற்றுப்பெறாதது', ஏறத்தாழ 25 நிமிடம்) தொடங்குங்கள். செல்லோ, டபுள் பாஸ் ஆகிய கனத்த குரல் தந்தி வாத்தியங்கள் மிக மெல்ல முணுமுணுத்துத் தொடங்கும் இசை அது. காபி டம்ளர் சத்தம் கேட்காத முதல் அரைமணிதான் அதற்குச் சரி. அடுத்து பீத்தோவனின் ஐந்தாவது, 33 நிமிடம். கால் மணி நேரம் இடைவேளை விட்டு, பிராம்ஸின் நான்காவது, சுமார் 40 நிமிடம். இரண்டு மணிக்குள் முடிந்துவிடும்.

ஒலி அளவை ஷூபர்ட்டின் தொடக்கத்தைக் கேட்டு வைக்காதீர்கள். சரியாகக் கேட்கவில்லையே என்று கூட்டிவிட்டால், முழு வாத்தியக்குழுவும் சேரும் இடத்தில் காது அடைத்துவிடும். ஆட்கள் வருமுன்பே பீத்தோவன் 5-இன் முதல் நான்கு சுரங்களைப் போட்டு, அது கம்பீரமாகவும் உறுத்தாமலும் இருக்கும் இடத்தில் குமிழை நிறுத்துங்கள். பிறகு தொடவே வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): அதே ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் நடுவே என் போனில் ஒரு வெட்டு விழுகிறது. பதிவில் உள்ள குறையா?

பதில்: பதிவில் குறையில்லை, செயலியில்தான். பீத்தோவன் இந்த இரண்டு பகுதிகளையும் நிறுத்தாமல் வாசிக்கும்படி எழுதியிருக்கிறார். மூன்றாம் பகுதியின் முடிவில் தந்திகள் ஒலியை அடக்கிப் பிடித்திருக்க, டிம்பனி என்னும் பெரிய முரசு மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். கடைசிச் சில பார்களில்தான் (தாள அளவுகளில்தான்) ஒலி கிடுகிடுவென ஏறி, அதுவரை வாய் திறக்காத டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிகளோடு நான்காம் பகுதி வெடிக்கும். குறுந்தட்டிலும் கோப்பிலும் இவை இரண்டு தனித் தடங்கள். செயலி தடத்துக்குத் தடம் அரை விநாடி விட்டாலே அந்த ஏற்றம் உடைந்துபோகும்.

அமைப்புகளில் தடங்களை இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' இருந்தால் போடுங்கள். 'கிராஸ்ஃபேட்' பூஜ்யத்தில் இருக்கட்டும். அது ஒரு தடத்தின் வாலைத் தேய்த்து அடுத்ததன் தலைமேல் ஒட்டும். எல்லாத் தடத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' வசதியையும் அணையுங்கள். மெல்லிய பகுதியை அது தூக்கிவிட்டால், வெடிப்புக்கு இடமே இல்லை. ஷஃபிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): நடத்துநர் வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. அப்படியிருக்க, ஒலிப்பதிவில் அவருடைய கைவண்ணத்தை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: 1976-இல் வெளிவந்த பீத்தோவன் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பல குழுக்களில் முதல் வயலின், இரண்டாம் வயலின் இரண்டும் இடப்பக்கமே சேர்ந்து உட்காரும். கிளைபர் அவற்றை இடமும் வலமுமாக எதிரெதிரே வைத்தார். கடைசிப் பகுதியில் ஒரே சொற்றொடரை இரு வயலின் அணிகளும் மாறி மாறி வீசும்போது, ஹெட்ஃபோனில் அது இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் பந்துபோலப் போய்வரும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் கலந்து, அவர் செய்தது எதுவும் தெரியாது.

அடுத்து, இரண்டாம் பகுதியின் முடிவு. வழக்கமான அச்சுப் பிரதிப்படி வாசிப்பவர்கள் கடைசி வரியில் மறுபடி வில்லை எடுப்பார்கள். கிளைபரின் பதிவில் வயலின்கள் கடைசிவரை விரலால்தான் மீட்டுகின்றன. இது தந்தை எரிக் கிளைபரிடமிருந்து வந்த வழக்கம். தெரியாமல் கேட்பவர்கள் ஏதோ தவறிவிட்டது என்றே நினைப்பார்கள்.

வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐந்தாவதன் முதல் பகுதியை இன்னொரு நடத்துநரான ஓட்டோ கிளெம்பரரின் பதிவோடு வைத்துக் கேளுங்கள். பீத்தோவன் குறித்த மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேக அளவு) 108. கிளைபர் அதை நெருங்குகிறார், கிளெம்பரர் வெகுதூரம் தள்ளி நிற்கிறார். என் ஓட்டு கிளைபருக்கே: வேகத்துக்காக அல்ல, அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்பதற்காக.

கேள்வி (சென்னை வாசகர்): 'கிளைபர், பீத்தோவன் 5' என்று தேடினேன். கிடைத்த பதிவு பழையதாக, மங்கலாக ஒலிக்கிறது.

பதில்: நீங்கள் கேட்பது பெரும்பாலும் அப்பாவை. எரிக் கிளைபர் 1953-இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் குழுவுடன் செய்த மோனோ பதிவு அது. இடம் வலம் பிரியாவிட்டால் சந்தேகமே வேண்டாம். மகனுடையது 1974-இல் பதிவானது. அதே குறுந்தட்டில் ஏழாவதும் சேர்ந்தே வரும்; அதை வாங்குங்கள். ஆனால் அப்பாவின் பதிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகன் எங்கிருந்து வந்தார் என்பது அதில் இருக்கிறது.

கேள்வி (கோவை வாசகர்): பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியை கார்லோஸ் கிளைபர் பதிவு செய்யவில்லையா?

பதில்: ஸ்டுடியோவில் இல்லை. 1983 நவம்பர் 7 அன்று மியூனிக்கில் பவேரிய அரசு இசைக்குழுவுடன் நடத்திய கச்சேரியின் பதிவு இருக்கிறது; ஆர்ஃபியோ நிறுவனம் வெளியிட்டது. மூலம் கேசட் என்பதால் ஒலித்தரம் சுமார்தான். முதல் பகுதி பலருக்கு ஓட்டமாகத் தோன்றும். முதல் பதிவாக இதை வாங்க வேண்டாம். மற்றவை பழகிய பிறகு எடுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): ஆபராவில் எது?

பதில்: 1973-இல் டிரெஸ்டனில் பதிவான வேபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்'. இரண்டே தட்டு, அவருடைய முதல் ஸ்டுடியோப் பதிவும் அதுவே. வாக்னரின் 'டிரிஸ்டன்' மூன்று தட்டு, அவர் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோன பதிவு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.