கன்னியாவில் ஏழு வசந்தமா?

கேள்வி: நாங்கள் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். ஸ்லோவேனியாவிலிருந்து வந்த ஒரு சோடிக்காக, பார்க்க வேண்டிய இடங்களை ஆங்கிலத்தில் வரிக்கு ஒன்றாக எழுதி ஃபோனில் அவர்களுடைய மொழிக்கு மாற்றிக் கொடுத்தேன். கோணேஸ்வரம், கடற்கரை எல்லாம் சரி. திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வெறுமனே 'ஸ்பிரிங்ஸ்' என்று போட்டிருந்தேன், அது 'பொம்லாதி' என்று வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். என்ன பிழை? வாசலில் பலகையும் வைக்க யோசிக்கிறேன்.
– வாசகி, உப்புவெளி

பதில்: சிரிக்காமல் என்ன செய்வார்கள், பொம்லாத் என்றால் வசந்த காலம், நீங்கள் கொடுத்தது அதன் பன்மை! பருவம், மெத்தைக்குள் இருக்கும் கம்பிச் சுருள், நிலத்திலிருந்து வரும் ஊற்று மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், ஆனால் ஸ்லோவேனியத்தில் பருவம் பொம்லாத், கம்பி வ்ஸ்மெத், ஊற்று இஸ்வீர். நாங்களும் வசந்தத்தையும் ஊற்றையும் குழப்புவதில்லையே, கம்பியை மட்டும் ஸ்பிரிங் என்றே சொல்லிவிடுகிறோம். ஃபோனிலும் பெரிய குற்றமில்லை, பக்கத்தில் 'சுடுதண்ணி' என்று ஒரு சொல்லாவது இருந்தால்தானே அதற்குப் பிடிபடும்.

'இஸ்' என்றால் வெளியே, 'வீர்' என்றால் மூலம். மொழிபெயர்ப்பதற்கு எடுக்கும் மூலப் பிரதியைக்கூட அவர்கள் இஸ்வீர்னிக் என்றுதான் சொல்வார்கள், எனக்கு இது மிகவும் பிடித்த சொல்.

பலகைக்கு வருவோம். பொதுவாக எழுதுவதென்றால் 'தோப்லி இஸ்வீரி', சூடான ஊற்றுகள். கன்னியாவில் ஏழு கிணறு, எண்ணையும் போட ஆசைப்பட்டால் கவனம்: இரண்டுக்கென்றே அவர்களிடம் தனி வடிவம் இருக்கிறது, 'த்வா இஸ்வீரா', மூன்றுக்கும் நான்குக்கும் 'இஸ்வீரி', ஐந்திலிருந்து 'இஸ்வீரொவ்', ஆகவே ஏழுக்கு 'செதெம் தோப்லிஹ் இஸ்வீரொவ்' என்று வர வேண்டும். நல்ல காலம், இந்த மூன்று சொல்லிலும் (sedem toplih izvirov) č, š, ž மாதிரித் தொப்பி போட்ட எழுத்து ஒன்றுமில்லை, பெயின்டர் பிழைவிட மாட்டார்.

யாராவது 'தோப்லித்செ' என்று போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் வெந்நீரோடு சம்பந்தப்பட்டதுதான், ஆனால் அவர்களுடைய நாட்டில் அது நீச்சல் தடாகமும் ஹோட்டலுமாக இருக்கும் குளியல் ஊர், தோலென்ஸ்கெ தோப்லித்செ என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. அதை நம்பி நீச்சல் உடுப்போடு வருகிறவர்கள், எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து நிற்கும் இடத்தில், வாளியால் அள்ளி ஊற்றுகிற கிணற்றைப் பார்த்து முழிப்பார்கள்.

அந்தச் சோடியின் வாட்ஸ்அப் நம்பர் இருந்தால், பெயின்ட் அடிக்க முன் ஒருக்கால் அனுப்பிக் கேளுங்கள்.