பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? முதலில் கீழே படுங்கள்

கேள்வி: பத்து வருடம் ஓடிய பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்ஜின் அருமை. துருவை எங்கே தேடுவது?

பதில்: இன்ஜினைப் பிரித்துச் சரி செய்துவிடலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் அரித்துவிட்டால் வண்டியே போச்சு. ஒரு டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பெரும்பாலான பிக்கப்புகளுக்கு அடியில் ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். பின் அச்சுக்கு மேலே அவை வளைகிற இடம், பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, இங்கெல்லாம்தான் சேறு தங்கும். தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்'கென்று கேட்கும். 'தொப்'பென்று அமுங்கிய சத்தம் வந்து கூடவே செதில் உதிர்ந்தால், உள்ளுக்குள்ளேயே அரித்து வந்திருக்கிறது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

பிரேக் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். செதில் கையோடு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். சேஸிஸில் பொறித்த எண்ணைப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். துரு தின்ற எண்ணை வைத்துக்கொண்டு பெயர் மாற்றப் போனால் அலைச்சல்தான்.

கேள்வி: அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு அடித்திருக்கிறது. நல்லதுதானே?

பதில்: எனக்கு அங்கேதான் சந்தேகமே வரும். ரப்பர் புஷ், ஒயர், நட்டு என்று எல்லாவற்றின் மேலும் கறுப்பு தெறித்திருந்தால், விற்பதற்காக அவசரமாக அடித்தது. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு இடத்தில் குத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விற்பவர் முகமே பதில் சொல்லிவிடும்.

கேள்வி: கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் லேசாகக் கொப்புளித்திருக்கிறது. பட்டி பார்த்து அடித்துவிடலாமா?

பதில்: துருவின் மேல் பட்டி வைத்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி பொங்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கும், முதலில் கம்பியால் குத்தி விடுங்கள். அப்புறம் பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். குழிகளில் மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் (மிச்சத் துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்), காய்ந்ததும் பிரைமர், பிறகு பெயின்ட். உள்பக்கம் மெழுகு ஸ்பிரே அடிக்காவிட்டால் இத்தனையும் வீண்.

கேள்வி: பின் தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருக்கிறது. இனி கவலையில்லையே?

பதில்: கீறலுக்குக் கவலையில்லை. துருவுக்கு அதுவே கூடாரம். அடியில் புகுந்த மணல் வண்டி ஆட ஆடப் பெயின்டைத் தேய்க்கும், தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நான் வாங்கிய ஒரு வண்டியில் லைனரைத் தூக்கினால் இரண்டு கைப்பிடி மணல், அதை ஒதுக்கினால் ஓட்டை வழியே தரை தெரிந்தது. வாங்கும் முன்பே தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: அடியில் ரப்பர் கோட்டிங்கா, எண்ணெயா?

பதில்: பழைய வண்டிக்கு எண்ணெய் அல்லது மெழுகு வகை. இடுக்கில் ஊர்ந்து போய்ச் சேரும், ஆனால் வருடாவருடம் அடிக்க வேண்டும். ரப்பர் பூச்சு புது இரும்புக்குச் சரி. விரிசல் விட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் படக் கூடாது. கடலோரத்திலோ உப்புத் தூவிய சாலையிலோ ஓடினால், மேலே துடைக்காவிட்டாலும் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி: மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாமா?

பதில்: நனைந்த வண்டியை மூடாதீர்கள். காயட்டும்.