கண்ணை மூடி உக்கார முடியல, கையால தொட்டு செய்ற மாதிரி 5 நிமிஷ தியானம் ஏதாவது இருக்கா?

இருக்கு. நான் ரங்கூன்ல இருக்கேன் (யாங்கோன்னு மாத்தி எவ்வளவோ வருஷமாச்சு, எங்க வீட்டு பெரியவங்களுக்கு இன்னும் ரங்கூன் தான்). தியானத்துக்கு பேர் போன ஊரு இது, மஹாசி சயாடோ, ஊ பா கின் எல்லாம் சொல்லிக் கொடுத்த இடம், மண்டலேல பொறந்த கோயங்கா கூட ஊ பா கின் கிட்ட கத்துக்கிட்டு தான் 1969ல இந்தியாவுக்கு போய் விபாசனாங்கிற மௌன தியான முகாம் நடத்துனாரு. ஆனா 10 நாள் வாய தொறக்காம உக்கார்றது எனக்கு ஒத்து வராது, கண்ண மூடுனா கடை கணக்கு தான் ஓடும்.

நான் செய்றது தனக்கா இழைக்கிறது. இங்க பொம்பளைங்க, புள்ளைங்க கன்னத்துல வெளிர் மஞ்சளா பூசிட்டு போவாங்களே, அது தான், ஒரு மரத்துப் பட்டை. வட்டக் கல்லுல நாலு சொட்டு தண்ணி விட்டு, கட்டைய பட்டையோட பிடிச்சு மெதுவா சுத்தி சுத்தி இழைங்க. மொதல்ல சொரசொரன்னு கையில இடிக்கும், அப்புறம் மாவு சேர சேர வழுக்கும், சத்தமும் கொறையும், அந்த மாற்றத்த விரல்ல கவனிக்கணும், அவ்ளோதான் வேலை. மனசு எங்கயாவது போச்சுன்னா திரும்ப கல்லுக்கு வாங்க. அப்புறம் முன்கையில தடவுங்க. முடி இருக்கிற தோல்ல மெதுவான தடவலுக்குன்னே ஒரு வகை நரம்பு இருக்கு, விநாடிக்கு 1 லேர்ந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல தடவுனா தான் அது நல்லா வேலை செய்யும், அதனால அவசரப்படாதீங்க. தடவுன உடனே சில்லுன்னு இருக்கும், காயக் காய தோலு இழுக்கும், அது முழுசா காயுற வரைக்கும் ஃபோன தொடாதீங்க.

கையில கூழாங்கல்ல வச்சிக்கிட்டு இருங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது செட் ஆகல, ஒரு நிமிஷத்துல கல்லு இருக்கிறதே மறந்துடும். மாறிக்கிட்டே இருக்கிற பொருள் தான் மனச பிடிச்சு வைக்குது. கரண்ட் போய் புழுங்குறப்ப தண்ணி ஊத்தி வச்ச மண்பானை வெளிப்பக்கம் உள்ளங்கைய வச்சுப் பாருங்க, தண்ணி கசிஞ்சு ஆவியாகுறதால தான் அந்த குளிர்ச்சி, கை வச்ச இடம் கொஞ்சம் கொஞ்சமா சூடாகும், எடத்த மாத்துனா மறுபடி சில்லுங்கும்.

நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமே இல்லங்கிற அளவுக்கு இருந்தா டாக்டர பாருங்க, இத வச்சு சமாளிக்காதீங்க.

டப்பால வர்ற தனக்கா பவுடர் முகத்துக்கு ஓகே, இதுக்கு ஆகாது, இழைக்கிற வேலையே இல்லாம போயிடும். தமிழ்நாட்டுல கட்டை கெடைக்கலன்னா விரலி மஞ்சள் போதும், கை ரெண்டு நாள் மஞ்சளா இருந்தா என்ன திட்டாதீங்க.